பூட்டானும் நாமும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் பூட்டான் பற்றிய கேள்விகள் மட்டும். வந்தவற்றில் பாதி சுற்றுலா, மீதி வியாபாரம். அரசியல் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: பூட்டான் தனி நாடா, இந்தியாவின் பாதுகாப்பில் உள்ள நாடா? அந்தக் காலப் பள்ளிப் பாடத்தில் இரண்டாவது மாதிரி படித்த நினைவு. (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

தனி நாடுதான். 1971இல் இந்தியாவின் ஆதரவோடு ஐ.நா.வில் சேர்ந்தது. ஆனால் உங்கள் பாடப்புத்தகம் அப்படி எழுதியதற்கும் காரணம் இருந்தது.

1864–65 துவார் போரில் தோற்ற பூட்டான், சிஞ்சுலா உடன்படிக்கைப்படி மலையடிவாரச் சமவெளியை ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தது. இன்று வடவங்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் துவார் பகுதி அதில் அடக்கம். ஈடாக ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை மானியம் பேசப்பட்டது. 1910இல் புனாகா உடன்படிக்கை அதை ஒரு லட்சமாக்கியது. வெளியுறவில் ஆங்கில அரசின் ஆலோசனைப்படி நடப்பதாக பூட்டான் ஒப்புக்கொண்டதும் அப்போதுதான். சுதந்திர இந்தியா 1949 ஆகஸ்ட் 8 அன்று டார்ஜிலிங்கில் செய்த உடன்படிக்கை இந்த ஏற்பாட்டைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டது. 2ஆம் விதியில் அதே 'ஆலோசனை', 3ஆம் விதியில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய், 4ஆம் விதியில் தேவன்கிரியில் 32 சதுர மைல் நிலத்தைத் திருப்பித் தருவது.

2007 பிப்ரவரி 8 அன்று டெல்லியில் கையெழுத்தான புதிய உடன்படிக்கையில் ஆலோசனையும் இல்லை, மானியமும் இல்லை. தேச நலன் சார்ந்த விஷயங்களில் இரு நாடுகளும் நெருங்கி ஒத்துழைக்கும், ஒன்றின் மண்ணை மற்றதற்கு எதிராகப் பயன்படுத்த விடாது என்று 2ஆம் விதி மாறியது. ஆயுத விதியையும் படித்துப் பாருங்கள். முன்பு இந்தியாவின் உதவியோடும் ஒப்புதலோடும்தான் பூட்டான் ஆயுதம் வாங்கலாம். இப்போது தாராளமாக வாங்கலாம். ஆனால் பூட்டானின் நோக்கம் நட்பானது, அதனால் தனக்கு ஆபத்தில்லை என்று இந்தியா திருப்தி அடைந்திருக்கும் வரைதான் அந்தத் தாராளம். சமமான இரு நாடுகளின் உடன்படிக்கையில் இந்த வாசகம் கொஞ்சம் உறுத்தவே செய்கிறது.

கேள்வி: திம்புவில் சீனத் தூதரகம் உண்டா? (திருநெல்வேலி வாசகர்)

இல்லை. அமெரிக்க, ரஷ்ய, பிரிட்டிஷ், பிரெஞ்சுத் தூதரகங்களும் இல்லை. பாதுகாப்பு மன்றத்தின் நிரந்தர உறுப்பினர் ஐவரில் யாருடனும் பூட்டானுக்குத் தூதரக உறவு கிடையாது. அதற்காகச் சீனாவோடு பேச்சே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லைப் பேச்சு 1984இலிருந்து நடக்கிறது. 2021இல் மூன்று கட்டத் திட்டம் ஒன்றுக்கு இருவரும் கையெழுத்திட்டார்கள். 2017இல் மூன்று நாட்டு எல்லையும் கூடும் இடத்துக்குப் பக்கத்து டோக்லாமில் இந்தியப் படையும் சீனப் படையும் ஜூன் மத்தியிலிருந்து ஆகஸ்ட் 28 வரை நேருக்கு நேர் நின்றபோது, பூட்டான் ஜூன் 29 அன்று ஓர் அறிக்கை விட்டது. சீனா சாலை போடும் வேலை எல்லை ஒப்பந்தங்களை மீறுகிறது, ஜூன் 16க்கு முந்தைய நிலை திரும்ப வேண்டும் என்று அதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

கேள்வி: 2013இல் பூட்டானுக்குச் சமையல் எரிவாயு மானியத்தை இந்தியா நிறுத்தியது தேர்தலுக்காகத்தானா? (சென்னை வாசகர்)

நடந்தது இது. பூட்டானின் இரண்டாவது நாடாளுமன்றத் தேர்தலின் இறுதிச் சுற்று 2013 ஜூலை 13. ஜூலை 1 முதல் மண்ணெண்ணெய்க்கும் சமையல் எரிவாயுவுக்கும் இந்தியா தந்துவந்த மானியம் நின்றது. திம்புவில் சிலிண்டருக்கு வரிசை நின்றது. பத்தாவது ஐந்தாண்டுத் திட்டம் ஜூனோடு முடிந்தது, மானியமும் அதோடு காலாவதி என்பது டெல்லி சொன்ன காரணம். ஆட்சியில் இருந்த கட்சி தோற்றது, புதிய அரசு வந்ததும் மானியமும் வந்தது. முந்தைய பிரதமர் 2012இல் ரியோ டி ஜெனிரோவில் சீனப் பிரதமரைச் சந்தித்ததைச் சேர்த்துவைத்துப் பார்த்தவர்கள் பூட்டானில் ஏராளம். காகிதத்தில் டெல்லியின் விளக்கம் சரிதான். ஆனால் இரண்டு வாரம் பொறுத்திருக்க முடியாதா என்ற கேள்விக்கு இன்று வரை நல்ல பதில் இல்லை. நட்பு நாட்டின் அடுப்பில் கை வைத்தால், காரணம் எதுவானாலும் ஆண்டுக்கணக்கில் பேச்சு ஓயாது.

கேள்வி: குடும்பத்தோடு மே மாதம் போகலாம் என்றிருக்கிறோம். பாஸ்போர்ட் எனக்கு மட்டும் இருக்கிறது. மனைவிக்கு ஆதார் போதுமா? பையனுக்கு 11 வயது. ரூபாய் செல்லுமா? (கரூர் வாசகர்)

ஒவ்வொன்றாக வருவோம். இந்தியருக்கு விசா தேவையில்லை, நுழைவு அனுமதி தேவை. அதற்கு ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அல்லது வாக்காளர் அட்டை. ஆதாரை ஏற்க மாட்டார்கள். அதிகம் பேர் திரும்பி வருவது இந்த ஒரு காரணத்தால்தான். மனைவியிடம் வாக்காளர் அட்டை இருந்தால் அசலை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் கடைசி வழியாக பூட்டான் எல்லை ஊரான புன்ட்சோலிங்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அடையாளச் சீட்டு கேட்கலாம். அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். அலுவலகம் சனி, ஞாயிறு இருக்காது, ஒரு நாள் வீணாகும்.

பையனுக்குப் பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ். நம் ஊர்ச் சான்றிதழ்களில் ஒரு சிக்கல் உண்டு. மருத்துவமனையில் பிறந்தவுடன் பதிந்த பல சான்றிதழ்களில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். பெயரில்லாத சான்றிதழோடு போய் நின்றால் அது உங்கள் பையன் என்று எப்படிக் காட்டுவீர்கள்? இப்போதே நகராட்சியில் பெயரைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் பெற்றோரோடோ பாதுகாவலரோடோதான் போக முடியும்.

தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் இந்தியருக்கு ஆளுக்கு 1,200 ரூபாய், நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் என்ற பெயரில். 6 முதல் 12 வயதுக்குப் பாதி, அதற்குக் கீழே இலவசம். உங்கள் மூவருக்கு ஐந்து இரவென்றால் 1,200 + 1,200 + 600, இரவுக்கு 3,000, மொத்தம் 15,000. ஓட்டல், வண்டி எல்லாம் தனி. 2022 செப்டம்பருக்கு முன் போய்வந்தவர்கள் 'அதெல்லாம் ஒன்றும் கட்ட வேண்டாம்' என்பார்கள். அவர்கள் காலத்தில் அது உண்மை. மற்ற நாட்டவர் இரவுக்கு 100 டாலர் கட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குச் சலுகைதான். அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். திம்பு, பாரோவோடு நிற்காமல் புனாகா, பும்தாங் என்று போவதாயிருந்தால் வழிகாட்டியையும் பயணத் திட்டத்தையும் விண்ணப்பத்திலேயே காட்டிவிடுங்கள்.

போகும் வழி: நியூ ஜல்பாய்குரியிலிருந்து அலிப்பூர்துவார் தடத்தில் ஹாசிமாரா வரை ரயில், அங்கிருந்து நம் பக்கத்து எல்லை ஊர் ஜெய்காவ் சுமார் 20 கி.மீ. ஜெய்காவுக்கும் புன்ட்சோலிங்குக்கும் நடுவே ஒரு வளைவு வாயில்தான். இந்தப் பக்கம் ஹாரன் சத்தம், அந்தப் பக்கம் வண்டிகள் பாதசாரிக்காக நிற்கும். மேலே ஏறும்போது ரின்சென்டிங் சோதனைச் சாவடியில் அனுமதியைப் பார்ப்பார்கள். கைப்பையில் வைத்திருங்கள், டிக்கியில் பெட்டிக்கு அடியில் வேண்டாம். கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வையுங்கள். அங்கே 9 மணி என்றால் இங்கே எட்டரை. திரும்பும்போது இந்திய நேரத்தில் ரயில், பூட்டான் நேரத்தில் வண்டி என்று குழம்பினால் நல்லவேளையாக அரை மணி மிச்சமாகும். விமானத்தில் பாரோவுக்கு வருகிறவர்கள்தான் குழம்பக் கூடாது. அங்கிருந்து புறப்படும் நேரம் பூட்டான் நேரத்தில் அச்சாகியிருக்கும்.

ரூபாய் செல்லும். 100 ரூபாயும் அதற்குக் கீழும் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். 200, 500 நோட்டுகள் சேர்த்து ஆளுக்கு 25,000 ரூபாய் வரை நம் ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனாலும் 100 ரூபாய்க் கட்டு நிறைய வைத்திருப்பதே நிம்மதி. சிறு கடைக்காரர் 500ஐப் பார்த்தால் யோசிப்பார். யு.பி.ஐ. 2021 ஜூலையிலிருந்து அங்கே இயங்குகிறது, ஆனால் உங்கள் செயலியில் 'சர்வதேசப் பரிவர்த்தனை' என்ற அமைப்பை நீங்களே திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் கியூ.ஆர். படித்தும் பணம் போகாது. இங்கிருந்து கிளம்பும் முன்பே அதைச் செய்துவிடுங்கள். திரும்பும்போது கையில் மிஞ்சிய பூட்டான் நாணயமான நுல்ட்ரத்தை எல்லையிலேயே செலவழியுங்கள். ஜெய்காவ் கடைகளில் வாங்கிக்கொள்வார்கள், கரூரில் யாரும் வாங்க மாட்டார்கள்.

கேள்வி: நுல்ட்ரமும் ரூபாயும் எப்போதும் ஒன்றுக்கு ஒன்றா? (கல்லூரி மாணவி, மதுரை)

1974இல் நுல்ட்ரம் வந்த நாளிலிருந்தே. இதனால் இந்தியாவில் விலைவாசி ஏறினால் அங்கேயும் ஏறும், வட்டி விஷயத்திலும் அவர்கள் கை கட்டப்பட்டிருக்கிறது. நுல்ட்ரத்தை அவர்கள் அச்சடிக்கலாம், ரூபாயைச் சம்பாதித்தாக வேண்டும். 2012இல் வங்கிக் கடனில் கார்களும் கட்டுமானப் பொருளும் இறக்குமதியாகிக் குவிந்து, கொடுக்க ரூபாய் இல்லாமல் போனது. வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், வீட்டுக் கடனையும் வாகனக் கடனையும் நிறுத்தினார்கள். டாலர் கையிருப்பு இருந்தும் ரூபாய்க்குத் தவித்த நாடு அது.

கேள்வி: திம்புவில் ஒரு கடைக்காரர் 4,000 பனியனுக்கு ஆர்டர் தருகிறார். ரூபாயில்தான் பணம் தருவாராம். இது ஏற்றுமதியா, உள்நாட்டு விற்பனையா? ஜி.எஸ்.டி. போட வேண்டுமா? (திருப்பூர் வாசகர்)

ஏற்றுமதிதான். பூட்டானுக்கு ரூபாயில் விற்பது சட்டப்படி செல்லும். சரக்கு நாட்டை விட்டு வெளியேறினாலே ஜி.எஸ்.டி. சட்டத்தில் ஏற்றுமதி, டாலரில் பணம் வர வேண்டும் என்ற நிபந்தனை சரக்குக்குக் கிடையாது. 2017க்கு முன் கதை வேறு. நம் தொழிற்சாலைகள் கலால் வரி கட்டிச் சரக்கனுப்பும், அந்த வரியை இந்திய அரசு பின்னால் பூட்டான் அரசிடம் திருப்பிக் கொடுக்கும். ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த ஏற்பாடு முடிந்தது. பழைய ஆட்கள் சிலர் இன்னும் 'பூட்டானுக்கு வரி போட்டே பில் போடணும்' என்பார்கள், கேட்காதீர்கள்.

செய்ய வேண்டியது: ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி-இறக்குமதி எண் இல்லையென்றால் டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) தளத்தில் எடுங்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் ஆர்.எஃப்.டி.-11 படிவத்தில் எல்.யு.டி. (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிக் கடிதம்) கொடுங்கள், அது அந்த நிதியாண்டுக்கு மட்டும்தான். மார்ச் கடைசியில் ஆர்டர் எடுப்பவர்கள் ஏப்ரல் 1இல் புதிதாகக் கொடுக்க மறந்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். இன்வாய்சில் எல்.யு.டி.யின் கீழ் வரி கட்டாமல் ஏற்றுமதி என்ற வாசகம் இருக்க வேண்டும். உங்கள் வங்கியின் ஏ.டி. குறியீட்டை (அந்நியச் செலாவணி கையாளும் வங்கிக் கிளையின் எண்) ஜெய்காவ் நிலச் சுங்க நிலையத்துக்கும் பதிவு செய்யுங்கள். தூத்துக்குடிக்குப் பதிந்தது ஜெய்காவுக்கு உதவாது. லாரி வாயிலில் வந்து நிற்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

துறைமுகத்தில் ஷிப்பிங் பில் என்பது நில எல்லையில் பில் ஆஃப் எக்ஸ்போர்ட். ஜெய்காவில் சுங்க முகவர்கள் இருக்கிறார்கள், முதல் முறை அவர்களில்லாமல் முயல வேண்டாம். திருப்பூரிலிருந்து ஜெய்காவ் வரை இ-வே பில் (சரக்குப் போக்குவரத்துச் சீட்டு) வேண்டும். அதில் வாங்குபவர் 'பிற நாடு', சரக்கு போகும் இடம் ஜெய்காவ், மேற்கு வங்கம். திம்பு முகவரியையே இரண்டிலும் போட்டுவிட்டால் தூரக் கணக்கு குளறுபடியாகி, வழியில் செல்லுபடிக் காலம் முடிந்துவிடும்.

சரக்கு இன்வாய்ஸ் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் எல்லை தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் வரியை வட்டியோடு கட்டச் சொல்வார்கள். விற்பனைக் கணக்குப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்.-1இல் 6ஏ அட்டவணையில் பில் ஆஃப் எக்ஸ்போர்ட் எண், தேதி, சுங்க நிலையக் குறியீடு மூன்றையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே ஏற்றுங்கள். வரி கட்டி ரீஃபண்ட் கேட்கும் வழியில் போகிறவர்களுக்கு எஸ்.பி.005 என்ற பிழை வந்து பணம் நின்றுவிடுவது பெரும்பாலும் இன்வாய்ஸ் எண் பொருந்தாததால். ஜி.எஸ்.டி.ஆர்.-1இல் '045/பி' என்றும் சுங்க பில்லில் '45பி' என்றும் இருந்தால் போதும், மாதக்கணக்கில் அலையலாம்.

பணம் பூட்டான் வங்கியிலிருந்து உங்கள் நிறுவனக் கணக்குக்கு வர வேண்டும். ஜெய்காவில் இருக்கும் அவர் உறவினர் உங்களுக்கு யு.பி.ஐ.யில் அனுப்புகிறார் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வங்கி அதற்கு ஏற்றுமதி வரவுச் சான்று தராது. சான்று இல்லையென்றால் ஏற்றுமதியே நடக்காத மாதிரி கணக்கு தொங்கும்.

இன்னொன்று: இந்தியப் பொருளுக்கு பூட்டானில் சுங்கவரி இல்லை என்பது இரு நாட்டு வர்த்தக உடன்படிக்கைப்படி. முதலில் 1972இல் போட்டது, இப்போது நடப்பில் இருப்பது 2016 நவம்பரில் கையெழுத்தாகி 2017 ஜூலையில் அமலுக்கு வந்தது. சீனாவிலிருந்து வந்த ஜாக்கெட்டையும் அதே பெட்டியில் சேர்த்து அனுப்பலாமா என்று கேட்கத் தோன்றும். அது இந்தியப் பொருள் இல்லை, அந்தச் சலுகையும் இல்லை.

கேள்வி: பெத்தநாயக்கன்பாளையத்தில் பாக்குத் தோப்பு வைத்திருக்கிறேன். பூட்டானிலிருந்து பச்சைப் பாக்கு வரி இல்லாமல் வருகிறதாமே? விலை விழுந்துவிடாதா? (சேலம் மாவட்ட விவசாயி)

வருகிறது, ஆனால் அளவோடு. வெளிநாட்டுப் பாக்குக்குக் கிலோ 351 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை இருக்கிறது. அதற்குக் கீழே விலை காட்டி யாரும் கொண்டுவர முடியாது. பூட்டானுக்கு மட்டும் 2022 செப்டம்பரில் ஆண்டுக்கு 17,000 டன் பச்சைப் பாக்குக்கு இந்த நிபந்தனையைத் தளர்த்தினார்கள். டிஜிஎஃப்டி பதிவுச் சான்று வேண்டும், குறிப்பிட்ட நிலச் சுங்க நிலையம் வழியாக மட்டும்தான் வரலாம். பூட்டானின் தெற்குத் தாழ்நிலத்துச் சிறு விவசாயிகள் விளைவிப்பது அது.

17,000 டன் பச்சைக் காய் உலர்ந்தால் எவ்வளவு தேறும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. நாலைந்து கிலோவுக்கு ஒரு கிலோ என்று வைத்தாலும் 4,000 டன் சுற்றி நிற்கும். நாட்டின் விளைச்சலோ பல லட்சம் டன். இதற்காக உங்கள் விலை விழாது. உங்களுக்குக் கேடு வேறு பக்கமிருந்து வருகிறது. மியான்மர் எல்லை வழியாகக் கடத்தி வரும் காய்ந்த பாக்கு, வேறு பெயரில் கப்பலில் வரும் பாக்கு. 2022இல் ஷிவமொக்காவில் போராடியவர்கள் பூட்டான் பெயரைச் சொல்லித்தான் கொடி பிடித்தார்கள். பூட்டான் பேரைச் சொல்லி மற்ற நாட்டுச் சரக்கு நுழையுமா என்ற அவர்கள் பயம் நியாயமானது. அதனால்தான் பச்சைக் காய் மட்டும், குறிப்பிட்ட வாசல் மட்டும் என்று வைத்திருக்கிறார்கள். பச்சைக் காய் தூரப் பயணம் தாங்காது, இந்தோனேசியக் காயை அதற்குள் கலப்பது கடினம்.

கேள்வி: பூட்டான் நமக்கு மின்சாரம் விற்கிறது என்கிறார்கள், பூட்டான் நம்மிடம் மின்சாரம் வாங்குகிறது என்றும் படித்தேன். எது சரி? அணைகளை நாமே கட்டிக் கொடுத்துவிட்டு நாமே காசு கொடுத்து வாங்குவது என்ன கணக்கு? (மின்வாரிய ஊழியர், மேட்டூர்)

இரண்டும் சரி. உங்கள் வேலைக்குப் பழகிய கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பூட்டானின் பெரிய நிலையங்கள் மேட்டூர் மாதிரி நீரைத் தேக்கிவைத்துத் திறந்துவிடுபவை அல்ல. ஆற்றை ஓரிடத்தில் மறித்து, மலைக்குள் நீண்ட சுரங்கம் வழியாக இறக்கி, கீழே சுழலிக்குக் கொடுத்து மறுபடி ஆற்றிலேயே விடுவார்கள். தேக்கம் சில மணி நேரத்துக்குத்தான். எனவே ஆறு எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான் உற்பத்தி. ஜூன் முதல் செப்டம்பர் வரை முழு ஓட்டம். டிசம்பர் முதல் மார்ச் வரை பனிமலை உறைந்து ஆறு ஒடுங்கும்போது நிறுவுதிறனில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். 1,020 மெகாவாட் தாலா நிலையத்தின் வடிவமைப்பு உற்பத்தி ஆண்டுக்கு சுமார் 486 கோடி யூனிட். வருடம் முழுக்க முழுத் திறனில் ஓடினால் வந்திருக்க வேண்டியது 893 கோடி. மீதி எங்கே போனது என்றால், குளிர்காலத்தில். அதே குளிர்காலத்தில்தான் அங்கே வீட்டுக்கு வீடு ஹீட்டர். பாசாக்கா தொழிற்பேட்டையில் ஃபெர்ரோசிலிக்கன் (எஃகு ஆலைக்கு வேண்டிய இரும்பு-சிலிக்கன் கலவை) உலைகளும் நிற்காது. மின்சாரத்துக்கு அடுத்து அவர்கள் நமக்கு விற்கும் பெரிய சரக்கு அது. அதனால் கோடையில் விற்று குளிரில் வாங்குகிறார்கள். முன்பு வாங்கும் அளவு பேர் சொல்லும்படி இல்லை. கடந்த சில ஆண்டுகளாகத்தான் இந்திய மின் சந்தையில் கணிசமாக வாங்குகிறார்கள்.

இனி உங்கள் கணக்கு. சூக்கா (336 மெகாவாட், 1980களின் பிற்பகுதி) கட்டும்போது இந்தியா செலவில் 60 சதவீதத்தை மானியமாகவும் 40ஐக் கடனாகவும் தந்தது, வட்டி 5 சதவீதம். தாலா (2006–07) வரையிலும் அதே 60க்கு 40. அடுத்து வந்த புனாட்சங்சு-1 நீர்மின் திட்டத்தில் அது 40 மானியம், 60 கடன் என்று திரும்பியது. 2019இல் திறந்த மாங்டேச்சுவில் (720 மெகாவாட்) 30 மானியம், 70 கடன், வட்டி 10 சதவீதம். கடன் பங்கு ஏறினால் யூனிட் விலை ஏறும். மாங்டேச்சு மின்சாரத்தை யூனிட் 4 ரூபாய் 12 காசுக்கு வாங்க இந்தியா ஒப்புக்கொண்டது. ஆக, நாம் 'கட்டிக் கொடுத்து' என்று சொல்வதில் பெரும்பகுதி வட்டியோடு திரும்பி வருகிறது. ஒப்பந்த வேலைகளும் இயந்திரங்களும் பெரும்பாலும் இந்திய நிறுவனங்களுக்கே போயின. ஆறு அவர்களுடையது, கடன் அவர்கள் தலையில், மின்சாரம் நமக்கு. இதைத் தர்மம் என்று பேசுகிறவர்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. பூட்டானுக்கும் ஒரு வசதி உண்டு. கடனும் ரூபாயில், வரவும் ரூபாயில், நாணயமோ ரூபாயோடு கட்டப்பட்டது. டாலர் ஏறினாலும் இந்தக் கடன் வீங்காது.

எங்கே சறுக்கியது என்றால் புனாட்சங்சுவில். முதல் திட்டம் (1,200 மெகாவாட்) 2008இல் தொடங்கியது. அணைக்கு அடித்தளம் தோண்டத் தோண்ட, 2013 ஜூலையில் வலது கரை மலை அப்படியே கீழிறங்கியது. அந்த இடத்தின் பாறை நொறுங்கிய பாறை, அடிவாரத்தை வெட்டி எடுத்தால் மேலே தாங்க ஒன்றுமில்லை. சிமென்ட் பால் செலுத்தியும் தூண் இறக்கியும் கட்டுப்படுத்தப் பார்த்தார்கள். அதன் பின்னும் மலை நகர்ந்தது. 3,515 கோடி ரூபாய் என்று போட்ட மதிப்பீடு 9,375 கோடியாக ஏறியது. அணை நிற்காமல் மின்நிலையமும் சுரங்கமும் மட்டும் ஏறக்குறைய முடிந்து காத்திருந்த விநோதம் அது. வேலை தாமதமானால் கட்டுமானக் கால வட்டியும் கடனில் ஏறும், அது நாளைக்கு யூனிட் விலையில் வந்து உட்காரும். அணை வேலையை மறுபடி தொடங்குவதென்று இரு அரசுகளும் 2025இல் ஒப்புக்கொண்டிருக்கின்றன. இரண்டாவது திட்டம் (1,020 மெகாவாட்) 2016இல் நிலத்தடி மின்நிலையப் பகுதியில் சரிவைச் சந்தித்து, தட்டுத் தடுமாறி 2025 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்டது.

2020க்குள் 10,000 மெகாவாட் என்று இரு நாடுகளும் 2009இல் கையெழுத்திட்டன. இப்போது மொத்தமே 3,500 சுற்றித்தான். இமயமலையின் பாறையைக் கேட்காமல் டெல்லியிலும் திம்புவிலும் எழுதிய எண் அது.

கேள்வி: கடல் இல்லாத பூட்டான் கப்பலில் கல் அனுப்புகிறது என்று ஒருவர் சொன்னார். கிண்டலா? (நாகப்பட்டினம் வாசகர்)

உண்மைதான். மலையாறுகள் உருட்டிவரும் கல்லுக்கு வங்கதேசத்தில் நல்ல கிராக்கி, அது முழுக்க வண்டல் மண் நாடு, சாலை போடக் கல் கிடையாது. 2019 ஜூலையில் புன்ட்சோலிங்கிலிருந்து 160 கி.மீ. லாரியில் அசாமின் துப்ரிக்குக் கொண்டுவந்து, பிரம்மபுத்திராவில் நாராயண்கஞ்ச் வரை முதல் சரக்குக் கப்பல் 1,000 டன் கல்லோடு போனது. லாரியில் போயிருந்தால் ஐம்பது லாரி. மூன்றாம் நாட்டுக்கு இந்திய மண் வழியாகச் சரக்குப் போக, மேலே சொன்ன இந்திய–பூட்டான் வர்த்தக உடன்படிக்கையிலேயே இடமிருக்கிறது.

கேள்வி: பூட்டானுக்கு ரயில் எப்போது? (அரக்கோணம் வாசகர்)

2025 செப்டம்பரில் இரண்டு பாதைகள் அறிவிக்கப்பட்டன. அசாமின் கோக்ரஜார் – கெலெபு 69 கி.மீ., வங்கத்தின் பனர்ஹாட் – சம்ட்ஸே 20 கி.மீ. இரண்டுக்குமாக 4,033 கோடி ரூபாய். முதலில் முடிய வாய்ப்புள்ளது சின்னதுதான். இரண்டும் எல்லை தாண்டிய முதல் ஊரோடு நின்றுவிடும். திம்புவுக்கு மலையேறும் ரயில் இதில் இல்லை.

கேள்வி: எல்லாம் நட்பு என்கிறீர்கள். நேபாளி பேசும் பூட்டானியரை விரட்டியபோது இந்தியா என்ன செய்தது? (புதுச்சேரி வாசகி)

ஒன்றும் செய்யவில்லை என்பதே நேர்மையான பதில். 1985 குடியுரிமைச் சட்டம், 1988 கணக்கெடுப்பு, தேசிய உடைக் கட்டாயம் என்று தெற்கு பூட்டானில் நெருக்கடி முற்றி, 1990களின் தொடக்கத்தில் லோட்ஷாம்பா என்று அழைக்கப்படும் இந்த நேபாளி பேசும் மக்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கிழக்கு நேபாள முகாம்களில் போய்ச் சேர்ந்தார்கள். பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் பொது எல்லையே கிடையாது. அவர்கள் இந்திய மண்ணைக் கடந்துதான் போனார்கள். அப்படியிருந்தும் இது பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் இடையிலான விவகாரம் என்று டெல்லி ஒதுங்கிக்கொண்டது. 2007க்குப் பிறகு பெரும்பாலானவர்கள் அமெரிக்காவுக்கும் வேறு சில நாடுகளுக்கும் குடியேறினார்கள். எல்லைப் பாதுகாப்பையும் மின்சாரத்தையும் தட்டில் வைத்துப் பார்த்து டெல்லி எடுத்த மௌனம் அது.

கேள்வி: கல்கத்தாவிலிருந்து பூட்டானுக்கு ஒரு சிலையைக் கொடுத்தார்களாமே? (காரைக்குடி வாசகர்)

கொடுக்கவில்லை, இரவல். பூட்டானை ஒன்றாக்கிய சப்துருங் நவாங் நம்கியலின் 17ஆம் நூற்றாண்டுச் சிலை. துவார் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் கைக்குப் போய், கொல்கத்தா ஆசியக் கழகத்தில் இருந்தது. 2016இல் திம்புவுக்கு அனுப்பி சிம்தோகா கோட்டையில் வைத்தார்கள், பிறகு காலத்தை நீட்டித்தார்கள். நமக்கு அது அருங்காட்சியகப் பொருள். அங்கே மக்கள் வரிசையில் நின்று கும்பிடும் தெய்வத் திருமேனி. நம் ஊர் ஐம்பொன் சிலைகளை லண்டனிடமும் கான்பெராவிடமும் திருப்பிக் கேட்கிறோம். அதே நியாயத்தைக் கொல்கத்தாவிலும் காட்டி நிரந்தரமாகவே கொடுத்துவிடலாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: சி.எம்.சி. பக்கம் விடுதி நடத்துகிறேன். பூட்டானியர் அடிக்கடி வருகிறார்கள். யார் செலவு? அறை கொடுக்கும்போது வெளிநாட்டவர் படிவம் போட வேண்டுமா? (வேலூர் வாசகர்)

பூட்டானில் மருத்துவம் அரசு செலவு. உள்ளூரில் முடியாத சிகிச்சைக்குத் திம்பு தேசிய மருத்துவமனை இந்தியாவுக்கு அனுப்பும். அந்த மருத்துவமனைகளில் வேலூரும் ஒன்று. பரிந்துரைக் கடிதத்தோடு வருபவருக்கு சிகிச்சைச் செலவு அவர்கள் அரசினுடையது. தானாக வருபவர் கைக்காசு.

பூட்டானியருக்கு இந்திய விசா தேவையில்லை, விசா எங்கே என்று கேட்டு அவர்களை அலைக்கழிக்காதீர்கள். பாஸ்போர்ட் இல்லாமல் அவர்கள் நாட்டுக் குடியுரிமை அட்டையோடு வருவதும் சகஜம். ஆனாலும் அவர்கள் வெளிநாட்டவர்தான். வெளிநாட்டவர் தங்கியதைத் தெரிவிக்கும் படிவத்தை (சி-படிவம் என்று சொல்லிப் பழகியது) இணையத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டியது உங்கள் பொறுப்பு. அட்டையின் இரு பக்கத்தையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரை அட்டையில் இருக்கிற மாதிரியே போடுங்கள். பூட்டானியரில் பலருக்கு குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர் ஒன்று பிள்ளை பெயர் வேறொன்றாக இருக்கும். நம் ஊரிலும் அப்படித்தானே, அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.